தலைதட்டி ஒரு சொப்பு மருந்து

1

நான் பிழைக்க வந்திருக்கிற இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து இந்த ஆண்டோடு இருநூறு ஆண்டு ஆகிறது. எங்கள் தெருவில் தபால் பெட்டிகளுக்கெல்லாம் சிவப்பு, நீலம், வெள்ளை என்று கோடு போட்டு வர்ணம் அடித்துவிட்டார்கள். அடுத்த வீட்டுப் பல் டாக்டர் ஹென்றி மூன்று மூலைத் தொப்பி வைத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போகிறார். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கும் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து அந்தக் காகிதம் வரும் வரை.

என் மகள் மலர்விழி பழங்காலத் துப்பாக்கிக் குழுவில் சேர விரும்புகிறாள், பெற்றோர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கூடவே வர வேண்டும் என்று அதில் இருந்தது. அவளுக்குப் பதினைந்து வயது. போன ஆண்டு வரை வயலின் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள்.

என் மனைவி கஸ்தூரி காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மேசைமேல் போட்டாள். "பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கியா? ஒங்க வூட்டுக் கதை தெரிஞ்சிதான் கேக்குதா இது?" என்றாள்.

"பெரியப்பாவுக்குக் கண்ணு போச்சின்னு தெரியும்மா. அது அந்தக் காலத்துல. இங்க எல்லாம் சேஃப்டியா செய்வாங்க" என்றாள் மலர். பத்து ஆண்டுக்கு முந்தையதுதான் அவளுக்கு அந்தக் காலம். கோபம் வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். மறுத்தால், அந்தக் குழுவை நடத்துகிற ஹென்றியோடு எனக்குத் தெரியாமல் போவாள் என்று தோன்றியது. இந்த ஊரில் பிள்ளைகளை நாம் வளர்ப்பதில்லை, கூடவே ஓடுகிறோம்.

2

துப்பாக்கி வாங்கப் போன கடையில் ரொட்டி விற்றார்கள். தூண்டில், குழந்தைச் சட்டை, பெயிண்ட் எல்லாம் விற்றார்கள். இவற்றுக்கு நடுவே சுவரில் துப்பாக்கிகள் துடைப்பத்தைச் சாத்தி வைத்த மாதிரி நின்றன.

ஊரில் அப்பாவிடமும் இதே ரகம் ஒன்று இருந்தது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைத் துணியில் சுற்றி, கம்பியால் அடி வரை திணித்துச் சுடுகிற பழைய ரகம். அதன் லைசென்ஸைப் புதுப்பிக்க அப்பா ஆண்டுதோறும் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடப்பார். பன்றித் தொல்லை உண்டு என்று மணியக்காரர் எழுதித் தர வேண்டும். அந்த எழுத்து சரிதான் என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எழுதித் தர வேண்டும். எலெக்‌ஷன் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, பிறகு கெஞ்சி வாங்க வேண்டும்.

இங்கே லைசென்ஸ் எங்கே வாங்குவது என்று கேட்டேன். "மீன் பிடிக்கவா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். மீன் பிடிக்கத்தான் லைசென்ஸ் வேண்டுமாம். இந்தப் பழைய ரகத் துப்பாக்கிக்கு ஒன்றும் வேண்டாமாம்.

அந்த அதிர்ச்சியில் இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. நம் ஊர் நினைப்பில் 'கன் மெடிசின்' இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். அவர் அனுதாபத்தோடு என்னைப் பார்த்து, இரண்டு கடை தள்ளி மருந்துக்கடை இருப்பதாகச் சொன்னார். மலர் எனக்கு மகள் இல்லாதது போல் தூண்டில் பக்கம் நகர்ந்துபோனாள். நான் எட்டு ஆண்டாக இந்த நாட்டில் இங்கிலீஷில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன்.

3

விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் போகிற சாலையில் எங்களுக்குக் கரும்பு. வெள்ளாற்றங்கரைப் பக்கமிருந்து பன்றி இறங்கினால் விடிவதற்குள் கால் காணி சாய்ந்துவிடும். அதற்காகத்தான் அப்பா அந்தத் துப்பாக்கியை ஏலத்தில் எடுத்தார். ஏதோ வெள்ளைக்கார துரை விட்டுப்போனது. குழலுக்குள் முறுக்கு வரி ஓடும். குண்டு சுழன்றுகொண்டு போவதால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும் என்று சொல்லி விற்றார்கள். எங்கள் துப்பாக்கி அப்படி எதுவும் செய்யவில்லை. அப்பா பன்றியைக் குறிவைத்தால் பக்கத்து வரப்பில் மண் பறக்கும்.

அதைச் சரிசெய்தவர் சூசை. கம்மாபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அம்மன் கோயில் திருவிழாவுக்கும் மாதா கோயில் தேருக்கும் வாணம் கட்டுகிறவர். அதற்கான லைசென்ஸ் வைத்திருந்தார். அப்பாவுக்குக் கருமருந்து அவரிடமிருந்துதான் வரும்.

"துப்பாக்கி மேல குத்தம் இல்லீங்கய்யா. நீங்க ஒரு நாளைக்கு ஒரு அளவு போடுறீங்க. அது பாவம் என்னா பண்ணும்?" என்றார்.

நான் மெட்ராசில் வேலையில் இருந்த காலம் அது. மனைவி குழந்தையோடு லீவில் வந்திருந்தேன். கோடையில் மணிமுத்தாறு வறண்டு மணலாகக் கிடந்தது. கரையோரம் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, சுண்ணாம்பில் வட்டம் போட்டு, சூசையும் அப்பாவும் அளவு தேடினார்கள். மருந்து குறைவாக இருந்தால் குண்டு தொங்கிப்போய் வட்டத்துக்குக் கீழே விழுந்தது. சூசை சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டினார். ஓட்டைகள் மேலே ஏறின. ஏற ஏற ஒன்றையொன்று நெருங்கி வந்தன. இன்னும் கூட்டியதும் கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்களைப் போல ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. உடனே சூசை பின்வாங்கினார். குண்டைச் சுற்றும் துணியையும் மாற்றிப் பார்த்தார். விளக்கெண்ணெய் தடவிய பழைய வேட்டித் துணிதான் சரிப்பட்டது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலைத் துடைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். துடைக்கிற வேலை எனக்கு. கை இரண்டும் கரி.

கடைசியில் ஓட்டைகள் எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. இந்த அளவை மறக்காமல் பிடித்துவைக்க ஏதாவது பாத்திரம் வேண்டும் என்றார் சூசை. என் அண்ணன் ராமலிங்கம் அப்போது ஊரில் ஒரு பீங்கான் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தார். பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அவர் சட்டைப் பையில் ஒரு சொப்பு டம்ளர் இருந்தது. கட்டைவிரல் நுனி அளவு பீங்கான் டம்ளர், மலருக்கு விளையாடக் கொண்டுவந்தது. சூசை அளவு மருந்தை அதில் கொட்டினார். விளிம்போடு விளிம்பாக நின்றது. விரலால் மேலே வழித்துவிட்டுச் சிரித்தார்.

"தலைதட்டி ஒரு சொப்பு. இதுக்கு மேல போடவே கூடாதுங்கய்யா. கொழலு தாங்குனாலும் இந்த மொள தாங்காது. மரை தேஞ்சி போயிருக்குது" என்று, விசையை இழுத்தால் குதிரை என்கிற சுத்தி வந்து அடிக்கிற இடத்தில் இருந்த சின்ன முளையைத் தொட்டுக் காட்டினார். மருந்துக்குத் தீ கொடுக்கிற கேப்பு வைப்பது அந்த முளையில்தான். சுடுகிறவன் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் அதுதான்.

சொப்பைப் பறிகொடுத்த மலர் அன்று முழுக்க அழுதாள். அவளுக்கு மூன்று வயது. அதன் பிறகு எங்கள் துப்பாக்கி வைத்த குறி தப்பவில்லை.

4

இரண்டு ஆண்டு கழித்து அந்தச் சொப்பு கரும்புக்குள் எங்கோ விழுந்து தொலைந்துபோனது. அண்ணன் கம்பெனியில் கழிவுக் குவியலிலிருந்து இன்னொன்று எடுத்துவந்தார். முதல் சொப்பு பளபளவென்று இருக்கும். இது மெருகு பூசாமல் சுண்ணாம்புக் கட்டி போல மங்கலாக இருந்தது. அது பரவாயில்லை, ஒரே அச்சில் வார்த்ததுதான் என்றார் அண்ணன். அப்பாவும் சரி என்றார்.

புதுச் சொப்பில் தலைதட்டி மருந்து போட்டு அண்ணன் சுட்ட அன்றே அந்த முளை பிய்த்துக்கொண்டு அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது. தந்தி வந்து நான் மெட்ராசிலிருந்து போய்ச் சேர்ந்தபோது கண் போய்விட்டது என்று கடலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மருந்தில் காரத்தைக் கூட்டிவிட்டான் என்று சூசைமேல் அப்பா புகார் கொடுத்தார். சூசையைப் பிடித்துப்போனார்கள். வாண லைசென்ஸும் போனது. வெளியே வந்ததும் அவர் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். நான் அங்கே இருந்தேன். வாசலில் நின்று, உள்ளே வரச் சொல்லியும் வராமல், அந்தச் சொப்பைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். அப்பா கொண்டுவந்து கொடுத்தார்.

"இது வேற மாரி இருக்குதுங்களே."

"பளபளப்பு இல்ல, அவ்ளோதான். ஒரே அச்சு" என்றார் அப்பா.

"ஒரே அச்சுதானுங்களா?"

"எத்தினி வாட்டி சொல்றது? ஒரே அச்சு."

சூசை அதை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்ப என் கைதான் தப்பு பண்ணியிருக்குது" என்றார். வாதாட வந்த மனிதர் குற்றத்தை ஏற்றுக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் கருமருந்தைத் தொடவில்லை. பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டும் கூலிக்குப் போய்விட்டார். ஆண்டுதோறும் மாதா கோயில் தேரன்று எங்கள் வீட்டுக்கு வந்து, மாட்டுக் கொட்டகை ஓரம் நின்று, "தம்பிக்குக் கண்ணு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு காலத்தில் அந்தத் தேருக்கு வாணம் விட்டவர் அவர்தான்.

தொலைந்த சொப்பு அந்த ஆண்டுக் கரும்பு வெட்டும்போது கிடைத்தது. நான் இங்கே கிளம்பியபோது அண்ணன் இரண்டு சொப்பையும் என் பெட்டியில் வைத்தார். "நம்ம ஊரு பீங்கான். நெனப்புக்கு வச்சிக்க" என்றார். அம்மா ஒன்றில் குங்குமமும் ஒன்றில் விபூதியும் போட்டுக் கொடுத்தாள். எட்டு ஆண்டாக அவை எங்கள் சாமி அலமாரியில் இருந்தன.

5

குழுவின் சுடுமிடம் ஊருக்கு வெளியே ஒரு மண்மேட்டு அடிவாரத்தில். சனிக்கிழமை காலை. பிள்ளைகள் வரிசையாக நின்று, ஹென்றி சொன்ன பிறகுதான் மருந்தைத் தொடுகிறார்கள். காதில் அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் எனக்கு அண்ணன் நினைப்பு வந்தது. நம் ஊரில் யாருக்கு இது தோன்றியது?

மலர் அவள் துப்பாக்கிக்கான அளவைத் தேடிக்கொண்டிருந்தாள். பித்தளையில் கோடு போட்ட அளவுக் குழல், வட்டம் போட்ட காகிதம். கொஞ்சம் போட்டுச் சுடுவாள், துடைப்பாள், மறுபடி சுடுவாள். பிறகு போய் ஓட்டைகளைப் பார்த்துவிட்டு வந்து கொஞ்சம் கூட்டுவாள். பார்க்கப் பார்க்க எனக்கு மணிமுத்தாற்று மணல் காலடியில் சுட்டது. சூசை செய்ததையே இவள் செய்கிறாள். வீட்டில் தட்டைக் கழுவச் சொன்னால் பதில் பேசுகிற பெண், இங்கே வாய் பேசாமல் குழலைத் துடைக்கிறாள். பெருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெருமையில்தான் அவளுக்குத் தலைதட்டி ஒரு சொப்புக் கதையைச் சொன்னேன்.

6

அடுத்த சனிக்கிழமை அவள் சாமி அலமாரியிலிருந்து இரண்டு சொப்பையும் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். குங்குமத்தை எங்கே கொட்டினாய் என்று கஸ்தூரி கத்தியது கார் வரை கேட்டது.

"தாத்தா அளவு என் துப்பாக்கிக்குச் சரியா வருதான்னு பாக்கணும்பா" என்றாள் மலர்.

ஹென்றி முதலில் பளபளப்பான சொப்பின் அளவைப் பித்தளைக் குழலில் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தார். மலர் சுட்டாள். அவள் தேடி வைத்திருந்த அளவுக்கு ரொம்பப் பக்கத்தில்தான் இருந்தது. ஓட்டைகள் கூடி நின்றன. எனக்குக் கண் கலங்கியது. அப்பாவும் சூசையும் மணலில் கண்டுபிடித்தது கடல் தாண்டியும் சரியாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

பிறகு, இதுவும் அதே அளவுதான் என்று நான் சொன்னதை நம்பி ஹென்றி அளந்து பார்க்காமல் விட, மங்கலான சொப்பில் போட்டாள். வெடிச் சத்தமே வேறாக இருந்தது. துப்பாக்கி அவள் தோளில் இடித்து அவளை ஓரடி பின்னால் தள்ளியது. குண்டு வட்டத்துக்கு வெகு மேலே போயிருந்தது. ஹென்றி உடனே கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். மலர் தோளைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இது ரெண்டும் ஒண்ணு இல்ல."

"ஒரே அச்சும்மா" என்றேன். அப்பாவின் சொல் அப்படியே என் வாயில் வந்தது.

அவள் பளபளப்பான சொப்பைத் தலைதட்டி நிரப்பி, அதை மங்கலான சொப்பில் கொட்டினாள். நிரம்பவில்லை. மேலே நிறைய இடம் காலியாக இருந்தது. பித்தளைக் குழலில் அளந்தார்கள். மங்கலானது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நெல் கனம்தான் உயர வித்தியாசம், அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உயரம், அகலம் எல்லாப் பக்கமும் அந்த நெல் கனம் சேர்ந்தால் கொள்ளளவு அவ்வளவு கூடிவிடுகிறது.

அங்கிருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

பீங்கான் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சூளையில் முதல் சூட்டில் களிமண் அதிகம் சுருங்காது. முழுச் சூட்டில்தான் நன்றாகச் சுருங்கிக் கெட்டியாகும். முதல் சொப்பு முழுச் சூடு கண்டது. இரண்டாவது பாதியில் கழித்துப் போட்டது, முதல் சூட்டோடு நின்றுவிட்டது. அச்சு ஒன்றாக இருந்து என்ன? அண்ணன் பேக்கிங்கில் இருந்தவர், அவருக்கு எட்டாமல் போயிருக்கலாம். எனக்கு? நான் இங்கே பார்க்கிற வேலையே இதுதான். மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் சுட்டு வெளியே வரும்போது எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப அச்சைப் பெரிதாகச் செய்யச் சொல்கிறவன். தினமும் காலையில் அந்த இரண்டு சொப்பிலும் விபூதியும் குங்குமமும் எடுத்து இட்டுக்கொண்டு அந்த வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

சூசையின் மருந்தில் காரம் கூடவில்லை. அவர் கூடாது என்று சொன்ன அளவை நாங்கள்தான் போட்டோம்.

7

ஊரில் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து ரைஸ் மில்லில் டெலிபோன் இருக்கிறது. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு அன்று மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். எங்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் லைன் கிடைத்தது. அங்கே விடிந்திருந்தது. அண்ணன் மூச்சிரைக்க வந்து பேசினார்.

"யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா தம்பி?"

"இல்லண்ணே. அந்த ரெண்டு சொப்பையும் அளந்து பாத்தோம்."

லைன் இரைந்ததால் குரலை உயர்த்திச் சொன்னேன்.

"அண்ணே, ரெண்டாவது சொப்பு பெரிசு. சூசை மேல தப்பே இல்ல."

"தெரியும்" என்றார் அண்ணன்.

நான் ரிசீவரை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். தப்பாகக் கேட்டிருப்பேன் என்று நினைத்து மறுபடி சொல்லச் சொன்னேன்.

"கரும்புல பழசு கெடச்சிது பாரு, அன்னிக்கே ரெண்டுலயும் மணல் போட்டுப் பாத்தேன். அப்பாகிட்ட சொன்னேன். அவனே ஒத்துக்கிட்டுப் போயிட்டான், நீ ஏன் கெளர்றே, பேசாத இருன்னாரு. வூட்ல அத பாக்கப் பாக்க எனக்குச் சோறு எறங்கல. அதான் ஒங்கிட்ட குடுத்தனுப்பிட்டேன்."

நினைப்புக்கு என்று சொல்லிப் பெட்டியில் வைத்தது மறப்பதற்கு. நான் அதைச் சாமி அலமாரியில் வைத்தேன்.

"அவரு வருசா வருசம் வந்து நிக்கிறாரே அண்ணே. நீ என்னா சொல்லுவே?"

"அப்படியேதான் இருக்குதுன்னு சொல்லுவேன். வேற என்னா சொல்றது? என் கண்ண நானே குத்திக்கிட்டேன்னு சொல்லவா? ஊரே சிரிக்கும்டா. இந்த வருசமும் வந்தாரு. மொட்டி எல்லாம் வீங்கிப்போயி, நடக்க முடியல."

"அவரு எங்க இருக்காருன்னு சொல்லு. நான் எழுதுறேன்."

"வாணாம் தம்பி. அப்பா பேரும் போயிடும். வச்சிடவா?" என்றார். வைத்துவிட்டார்.

மலர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தத் தாத்தாவுக்கு யாருமே சொல்லலியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "இன்னும் அவரு தன்னாலதான்னு நெனச்சிட்டு இருக்காரா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். இந்த நாட்டில் பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப்போகிறார்கள் என்று இதே பத்திரிகையில் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். அன்று அவள் விலகி உட்கார்ந்ததில் நியாயம் இருந்தது.

8

இரண்டு சொப்பையும் பஞ்சு சுற்றிச் சூசையின் ஊர் மாதா கோயில் பங்குச் சாமியார் விலாசத்துக்கு அனுப்பினேன். தபால் ஆபீசில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். விளையாட்டுச் சாமான் என்றேன். சூசையை வரவழைத்து, அவர் கையாலேயே ஒன்றில் மணல் நிரப்பி மற்றதில் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சாமியாருக்கு எழுதியிருக்கிறேன். கடல் தாண்டிப் போகிற பார்சல் போய்ச் சேர எத்தனை மாதம் ஆகுமோ, வழியில் உடைந்துபோகுமோ, தெரியாது. அதனால் இதையும் எழுதுகிறேன். அண்ணன் இனி என்னோடு பேசாமல் போகலாம். அப்பாவின் சாவுக்கும் வர முடியாத நான், அவர் பெயரை இப்படி அச்சில் ஏற்றுகிறேன் என்று அம்மா அழலாம்.

இந்தப் பத்திரிகை விருத்தாசலத்துக்கும் பெண்ணாடத்துக்கும் வருகிறது என்று எனக்குத் தெரியும். சூசைக்குப் படிக்கத் தெரியாது. கரும்பு வெட்டுகிறவர்களோடு இருப்பார். இடது புருவத்தில் பழைய வாணத் தீக்காயம் இருக்கும். இதைப் படிக்கிற யாராவது அவரைத் தேடிப்போய், நாலு பேர் நிற்கிற இடத்தில், பின்வருவதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

சூசை, உங்கள் மருந்து சரியாகத்தான் இருந்தது. எங்கள் சொப்புதான் பெரிசு. அண்ணன் கண்ணை விசாரிக்க இனிமேல் நீங்கள் எங்கள் வீட்டுக்கு நடக்க வேண்டாம். நாங்கள்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.